துப்பாக்கி ஈட்டி பகரும் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றுக்குச் சான்றுகளாதலை மாணவர் நன்கறிவர். பழைய நாணயம் ஒன்றைக் கையிலெடுத்து, ஒருபுறம் அமைந்த உருவத்தையும் மறுபுறம் அமைந்த எழுத்தையும் கொண்டு அதனை வெளியிட்ட அரசனையும் அவன் காலத்தையும் உய்த்துணரும் முறையும் அவர்களுக்குப் புதியதன்று. அவ்வாறே படித்தறியத்தக்க மற்றொரு பொருள் துப்பாக்கி ஈட்டி. துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்திக் குத்துதற்குப் பயன்பட்ட இப்படைக்கலத்தை ஆங்கிலேயர் பயோனெட் என்பர். பிரான்சு நாட்டின் தென்மேற்கில் உள்ள பயோன் என்னும் நகரின் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது எனப் பொதுவாகக் கூறுவர். தமிழில் துப்பாக்கிச் சனியன் என்றும் இதனை வழங்கியதுண்டு.

பழைய துப்பாக்கி ஈட்டிகளைத் தேடிச் சேர்த்து, இனம் கண்டு, வகைப்படுத்தி வைப்போர் உலகின் பல நாடுகளிலும் உளர். கொல்லும் கருவியை விரும்பிச் சேர்ப்பது எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்வினாவுக்கு நேர்மையான விடை ஒன்றே உண்டு. இக்கருவிகளின் அலகிலும் கைப்பிடியிலும் உறையிலும் எழுத்துகளும் எண்களும் சின்னங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. செய்த பட்டறை, செய்த ஆண்டு, சோதித்த அலுவலர், ஏற்றுக்கொண்ட அரசு, பயன்படுத்திய படைப்பிரிவு ஆகியவற்றை அவை உரைக்கின்றன. ஏட்டில் எழுதிய வரலாற்றைப் பின்வந்தோர் தடமின்றி மாற்றி எழுதிவிடலாம். எஃகில் பொறித்ததை மாற்ற முயன்றால், அம்முயற்சியே தழும்பாக நின்று உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆதலின் துப்பாக்கி ஈட்டியைச் சேகரித்தல் என்பது முறையாகச் செய்யப்படின் ஒருவகை வரலாற்றுப் படிப்பே ஆகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளில் துப்பாக்கி ஏந்தியோரும் நீண்ட வேல் ஏந்தியோரும் தனித்தனியே இருந்தனர். அக்காலத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டுக் கெட்டிக்க நெடுநேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் குதிரைப்படை பாய்ந்து வந்தால் சுடுவோர்க்குக் காப்பு இல்லை. வேல்வீரர்களே அவர்களைக் காத்து நின்றனர். இருவர் செய்யும் பணியை ஒருவரே செய்தற்கு வழி காணும் முயற்சியில் தோன்றியதே துப்பாக்கி ஈட்டி.

முதலில் தோன்றியவை செருகு ஈட்டிகள். இவற்றின் மரக்கைப்பிடி முனை நோக்கிச் சிறுத்திருக்கும். அதனைத் துப்பாக்கிக் குழலின் வாயிலேயே செருகி இறுக்குவர். செருகியபின் சுட இயலாது என்பதே இதன் பெருங்குறை. 1689ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் ஸ்காத்லாந்தின் கில்லிகிராங்கி என்னுமிடத்தில் நடந்த போரில் இக்குறை வெளிப்பட்டது. தளபதி மக்கேயின் அரசுப் படையினர் சுட்டு முடித்து ஈட்டியைக் குழலில் செருகுதற்குள், மலைநாட்டு வீரர் வாளுடன் மேட்டிலிருந்து பாய்ந்து அவர்களைச் சிதறடித்தனர்.

இக்குறையைக் களைந்தவை பொருத்துகுழல் ஈட்டிகள். ஈட்டியின் அடியில் ஒரு குறுங்குழல் இருக்கும். அது துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தைத் தழுவி அமையும். அலகு ஒரு முழங்கை போன்ற வளைவின் வழியே பக்கவாட்டில் விலகி நிற்கும். ஆதலின் ஈட்டி பொருத்தப்பட்ட நிலையிலேயே மருந்திடலாம், சுடவும் செய்யலாம். பிரான்சு நாட்டுக் கோட்டைப் பொறியியல் வல்லுநராகிய வோபான் 1680களின் இறுதியில் இவ்வமைப்பைப் பரப்பினார் என்பர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட வேல் ஐரோப்பியப் படைகளிலிருந்து மறையலாயிற்று. ஒரு சிறு இரும்புக்குழல் ஒரு படைவகையையே இல்லாமற் செய்தது எனலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரித்தானியப் படை ஏந்திய பிரௌன் பெஸ் துப்பாக்கியின் ஈட்டி முப்பட்டை வடிவினது. அதன் அலகு ஏறத்தாழ 17 அங்குல நீளம் உடையது. முப்பட்டை வடிவம் எடையைக் குறைத்து, வளையாத உறுதியைத் தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாளைப் போன்ற கைப்பிடியுடைய வாள் ஈட்டிகள் பெருகின. அந்நூற்றாண்டின் இறுதியில் கத்தி வடிவக் குட்டை ஈட்டிகள் தோன்றின. போர்வீரன் தன் ஒரே கருவியால் குத்தவும் விறகு வெட்டவும் வேண்டும் என்னும் எண்ணமே இம்மாற்றத்துக்குக் காரணம்.

போர்க்களத்தில் ஈட்டியால் இறந்தோர் தொகை பலர் எண்ணுவதினும் குறைவு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் மருத்துவர் பதிவு செய்த காயங்களுள் ஈட்டியாலும் வாளாலும் நேர்ந்தவை நூற்றுக்கு ஒன்றினும் குறைவாகும். ஈட்டி நெருங்கும்போதே எதிரி நிலைகுலைந்து ஓடுவான் என்னும் அச்சத்தையே படைத்தலைவர்கள் நம்பினர். குத்தியதனினும் அச்சுறுத்தியதே மிகுதி.

இனம் காணும் முறை

பெயர் தெரியாத துப்பாக்கி ஈட்டி ஒன்று கையில் கிடைத்தால் நான்கு வினாக்களை வரிசையாக எழுப்புதல் வேண்டும்.

முதல் வினா, இது துப்பாக்கியோடு எவ்வாறு பொருந்துகிறது என்பது. குழலினுள் செருகுவதா, குழலைத் தழுவும் பொருத்துகுழல் உடையதா, கைக்காப்பில் ஒரு வளையமும் கைப்பிடியின் கடைக்குமிழில் ஒரு பள்ளமும் கொண்டதா எனக் காண வேண்டும். இவ்வொரு வினாவே காலத்தைப் பெருமளவு வரையறுத்துவிடும். மூன்றாவதாகக் கூறிய அமைப்பில், குமிழின் பள்ளத்தினுள் ஒரு வில்தாழ் இருக்கும். குமிழின் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் தாழ் விடுபட்டு ஈட்டி கழன்று வரும்.

இரண்டாம் வினா, அலகின் வடிவம் யாது என்பது. முப்பட்டையா, நாற்பட்டையா, தட்டையானதா, நெளிந்ததா, முதுகில் இரம்பப்பல் உடையதா என நோக்க வேண்டும். அலகின் பக்கங்களில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை இரத்தம் வடியும் பள்ளம் எனக் கூறுவோர் பலர். அது பிழையான கருத்து. எடையைக் குறைத்துக் கெட்டித்தன்மையைக் காத்தற்கே அப்பள்ளம் அமைக்கப்பட்டது.

மூன்றாம் வினா, அளவுகள் யாவை என்பது. முழு நீளம், அலகின் நீளம், அலகின் அகலம், வளையத்தின் உள்விட்டம் ஆகிய நான்கையும் மில்லிமீட்டர் அளவில் குறிக்க வேண்டும். இவற்றுள் வளையத்தின் உள்விட்டமே தலையாயது. தோற்றத்தில் ஒன்றுபோல் உள்ள இரு ஈட்டிகள் வெவ்வேறு துப்பாக்கிகளுக்கு உரியன என்பதை அதுவே காட்டும். சான்றாக, 1944ஆம் ஆண்டில் வெளிவந்து பின்னர் மலாயாவின் அவசரகாலப் போரில் பயன்பட்ட பிரித்தானிய ஐந்தாம் எண் காட்டுத் துப்பாக்கியைக் கூறலாம். அதன் குழல்வாயில் தீச்சுடரை மறைக்கும் புனல்போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனைத் தழுவுதற்காக அதன் ஈட்டியின் வளையம் வழக்கத்தினும் பெரியதாக அமைந்தது. வளையத்தைக் கண்ட அளவிலேயே துப்பாக்கியைச் சொல்லிவிடலாம்.

நான்காம் வினா, பொறிப்புகள் யாவை என்பது. இதுவே கடினமானது, இன்பம் தருவதும் இதுவே.

பொறிப்புகளைப் படித்தல்

பிரான்சு நாட்டின் 1866ஆம் ஆண்டு வாள் ஈட்டியை முதலில் காண்போம். சாசெப்போ என்னும் துப்பாக்கிக்கு உரிய இது, பழைய ஈட்டிகளுள் மிகுதியாகக் கிடைப்பவற்றுள் ஒன்று. வரிவரியாகப் பள்ளமிட்ட பித்தளைக் கைப்பிடியும், இருமுறை மெல்ல நெளிந்த 57 செ.மீ. அலகும் கொண்டது. இதன் அலகின் முதுகில், கையெழுத்தைப் போன்ற சாய்ந்த எழுத்துகளில், பட்டறையின் பெயரும் திங்களும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். செயிந்த் எத்தியேன், சாத்தெல்ரோ, தூல், மூத்சிக் ஆகியவை அப்பட்டறைகள்.

இவ்வெழுத்துகளில் ஒரு பேரரசின் வீழ்ச்சி அடங்கியுள்ளது. 1870க்கு முற்பட்ட ஈட்டிகள் பலவற்றில் பட்டறையின் பெயருக்கு முன் பேரரசுக்குரியது என்னும் பொருள்படும் சொல் சுருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். 1870 செப்டம்பரில் மூன்றாம் நெப்போலியன் செடான் போரில் தோற்றுச் சிறைப்பட்டான். பாரிசில் குடியரசு அறிவிக்கப்பட்டது. அதன்பின் வெட்டப்பட்ட எழுத்துகளில் அச்சொல் இல்லை. அல்சேசுப் பகுதியில் இருந்த மூத்சிக் 1871இல் ஜெர்மனியின் கைக்குச் சென்றது. ஆதலின் அப்பட்டறையின் பெயரும் பிரெஞ்சு ஈட்டிகளில் அத்துடன் நின்றது. பாடநூலில் இரண்டு வரியில் முடியும் செய்தியை, ஈட்டியின் முதுகில் சொல்லொன்று மறைந்த இடத்தில் மாணவன் தானே கண்டுகொள்கிறான்.

ஜெர்மன் ஈட்டிகளின் பொறிப்பு வேறு வகையினது. முதல் உலகப் போர்க்கால ஈட்டிகளின் அலகு முதுகில், முடியின்கீழ் அரசனின் பெயரெழுத்தும் ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களும் இருக்கும். பிரசிய ஈட்டியில் வில்லியம் மன்னனின் எழுத்தும், பவேரிய ஈட்டியில் லூத்விக் மன்னனின் எழுத்தும், சாக்சனி ஈட்டியில் பிரெடரிக் அகஸ்தஸ் மன்னனின் எழுத்தும் காணப்படும். ஒரே பேரரசுக்குள் தனித்தனி மன்னர்களும் அவர்தம் படைகளும் இருந்தமையை இது காட்டுகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஈட்டிகளிலோ மன்னர் எழுத்து இல்லை. பட்டறையின் பெயரும் பலவற்றில் இல்லை. எந்த ஊரில் எந்தத் தொழிற்சாலை படைக்கலம் செய்கிறது என்பதைப் பகைவர் அறியாதிருக்க, பெயர்க்கு மாற்றாகச் சங்கேத எழுத்துகள் பொறிக்கப்பட்டன. மறைத்தற்கென இட்ட எழுத்தும் பின்னாளில் வரலாறாயிற்று.

பிரித்தானியப் படையின் 1907ஆம் ஆண்டு ஈட்டி மற்றொரு பாடம். அலகின் அடிப்பகுதியில் ஒருபுறம் முடியும், அரசனின் பெயரெழுத்தும், 1907 என்னும் எண்ணும், அதன்கீழ் வேறு சில எண்களும், செய்தவர் பெயரும் இருக்கும். தொடக்கநிலையில் உள்ளோர் பலர் 1907 என்பதைச் செய்த ஆண்டு எனக் கொள்வர். அது அந்த உருவமைப்பு ஏற்கப்பட்ட ஆண்டு. செய்த காலத்தை அதன்கீழ் உள்ள சிறிய எண்களே கூறும். 9, 16 என இருப்பின் 1916ஆம் ஆண்டு செப்டம்பரில் செய்யப்பட்டது என்பது பொருள். எட்வர்டு மன்னரின் எழுத்து இருப்பின் தொடக்கக் காலத்தது என்றும், ஜார்ஜ் மன்னரின் எழுத்து இருப்பின் 1910க்குப் பிற்பட்டது என்றும் அறியலாம். வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், என்பீல்டு ஆகியவை இங்கிலாந்தின் பட்டறைகள். ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும், கல்கத்தாவை அடுத்த இசாப்பூரிலும் இதே உருவமைப்பில் ஈட்டிகள் செய்யப்பட்டன.

மறுபுறத்தில் அகன்ற அம்புக்குறி ஒன்று உண்டு. அரசின் உடைமை என்பதற்கு அது அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை பொருந்த இருப்பின் அரசு அதனை விற்றுவிட்டது என்பது பொருள். பெருக்கற்குறி போன்ற ஒரு குறி, அலகை வளைத்துச் சோதித்து முறியாமை கண்டதற்கு இட்டது. முடியும் எண்ணும் கொண்ட சிறு குறிகள் சோதித்த அலுவலர்களுடையவை.

பொறிப்போடு உருவத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவ்வீட்டியின் கைக்காப்பில் முதலில் கொக்கி போன்ற வளைவு ஒன்று இருந்தது. 1913 முதல் கொக்கியின்றிச் செய்யலாயினர். முன்னர்ச் செய்தவற்றிலும் பழுதுபார்க்கும் காலத்தில் கொக்கியை வெட்டி நீக்கினர். 1916 முதல் குமிழில் அழுக்கு வெளியேற ஒரு துளை இடப்பட்டது. ஆகவே 1911இல் செய்யப்பட்ட ஈட்டி ஒன்றில் கொக்கி இன்றித் துளை மட்டும் இருப்பின், அது முரண்பாடு அன்று. 1916க்குப் பின்னும் படைப்பணியில் இருந்து, பட்டறைக்குத் திரும்பிச் சென்று திருத்தம் பெற்றது என்பதே அதன் கதை.

மலாயாவில் எதிர்ப்பட்ட இரண்டு ஈட்டிகள்

1907ஆம் ஆண்டு ஈட்டியின் கொக்கி எங்கிருந்து வந்தது என்னும் வினா மலாயாவின் வரலாற்றுக்கே நம்மை இட்டுச் செல்கிறது. ஜப்பானியர் 1897ஆம் ஆண்டில் முப்பதாம் வகை என்னும் ஈட்டியை அமைத்தனர். மெய்ஜி மன்னர் ஆட்சியின் முப்பதாம் ஆண்டில் ஏற்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. 40 செ.மீ. அலகும் கொக்கி வடிவக் கைக்காப்பும் உடையது. பிரித்தானியர் தம் துப்பாக்கியின் நீளத்தைக் குறைத்தபோது, 12 அங்குல ஈட்டியுடன் அது பகைவனை எட்டுமோ என்னும் ஐயம் எழுந்தது. நீண்ட ஈட்டி ஒன்றைத் தேடிய அவர்கள் ஜப்பானிய அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு 17 அங்குல அலகுடைய 1907ஆம் ஆண்டு ஈட்டியை உருவாக்கினர். 1902இல் கையெழுத்தான உடன்படிக்கையால் பிரித்தானியாவும் ஜப்பானும் அக்காலத்தில் நட்பு நாடுகளாக விளங்கின.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அவர்தம் துப்பாக்கியில் முப்பதாம் வகை ஈட்டி இருந்தது. எதிர்த்து நின்ற இந்திய, பிரித்தானிய, ஆஸ்திரேலிய வீரர்களின் கையில் அதன் வழித்தோன்றலாகிய 1907ஆம் ஆண்டு ஈட்டி இருந்தது. 1942 ஜனவரித் தொடக்கத்தில் பேராக்கின் கம்பார் குன்றுகளில் நடந்த போரில், எட்டாம் பஞ்சாப் படைப்பிரிவின் முதல் பட்டாளத்தைச் சேர்ந்த சீக்கிய வீரர்கள் துப்பாக்கியில் ஈட்டி பொருத்திப் பாய்ந்து, இழந்த மேட்டினை மீட்டனர். அவர்களுள் பலர் மீளவில்லை. நட்பின் காலத்தில் பார்த்துச் செய்த படைக்கலம், பகையின் காலத்தில் தன் மூலத்தையே எதிர்கொண்டது. மோதிய இருவருக்கும் அவ்வுறவு தெரிந்திருக்க வழியில்லை. இரண்டு ஈட்டிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு அது தெளிவாகத் தெரிகிறது.

முப்பதாம் வகை ஈட்டியின் அலகிலும் பட்டறைக் குறிகள் உண்டு. நான்கு பீரங்கிக் குண்டுகளை அடுக்கியது போன்ற குறி டோக்கியோ படைக்கலச் சாலைக்கும், பின்னர்க் கோக்குரா சாலைக்கும் உரியது. வட்டத்துக்குள் இரண்டு மீன் வடிவம் நகோயா சாலைக்கு உரியது. எழுத்தே அறியாதவனும் படிக்கத்தக்க மற்றொரு செய்தி இவ்வீட்டிகளில் உண்டு. தொடக்கத்தில் செய்தவை மெருகேறிய அலகும், நீள்பள்ளமும், அழகிய கொக்கியும், இரும்பு உறையும் உடையவை. போரின் இறுதிக்கட்டத்தில் செய்தவற்றில் கொக்கி இல்லை, பள்ளம் இல்லை, மெருகும் இல்லை. உறை மரத்தாலோ மூங்கிலாலோ ஆனது. வெற்றி முழக்கங்கள் ஓயாத காலத்திலேயே அந்நாட்டில் இரும்பும் எண்ணெயும் உழைக்கும் கைகளும் அருகிவிட்டன என்பதை அம்மூங்கில் உறை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. இசாப்பூரிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய 17 அங்குல அலகுகளை 12 அங்குலமாக வெட்டிக் குறைத்தனர், புதியவற்றையும் குட்டையாகவே செய்தனர். நீண்ட அலகு காடுகளிலும் ஊர்திகளிலும் இடையூறாக இருந்தமை அதற்குக் காரணங்களுள் ஒன்று.

எனினும் எஃகு எல்லாவற்றையும் கூறிவிடுவதில்லை. 1942 பிப்ரவரி 14ஆம் நாள் சிங்கப்பூரின் அலெக்சாண்டிரா மருத்துவமனையுள் புகுந்த ஜப்பானியப் படையினர் நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் ஈட்டியால் குத்திக் கொன்றனர். அந்த ஈட்டிகளின் அலகிலும் பட்டறைக் குறி இருந்திருக்கும், சோதனைக் குறி இருந்திருக்கும். மாண்டவர் பெயர் எதிலும் இல்லை. அதனைப் பிழைத்தவர் வாய்மொழியும் எழுதிவைத்த சான்றுகளுமே காத்துத் தந்தன. செய்தவனை எஃகு நினைவில் வைக்கும், பட்டவனை மாந்தரே நினைவில் வைக்க வேண்டும். துப்பாக்கி ஈட்டியைச் சேகரிப்போர் ஒருகணமும் மறத்தலாகாத உண்மை இது.

போலிகளும் புனைந்துரைகளும்

அரியது எதுவோ அதற்கே போலி தோன்றும். கொக்கியுடைய 1907ஆம் ஆண்டு ஈட்டி அரிதாகையால், கொக்கியற்ற ஈட்டியின் கைக்காப்பை நீக்கிப் புதிய கொக்கியை இணைத்து விற்போர் உண்டு. இரம்பப்பல் உடைய ஜெர்மன் ஈட்டிக்கு விலை மிகுதி. ஆதலின் வெறும் அலகின் முதுகில் பிற்காலத்தில் பல் வெட்டுவோரும் உண்டு. மரம் அறுத்தற்கென அமைந்த அப்பற்கள், பகைவரிடையே கடுஞ்சினத்தை மூட்டியமையால் முதல் உலகப் போரின் பிற்பகுதியில் பல அலகுகளிலிருந்து தேய்த்து நீக்கப்பட்டன. அவ்வாறு நீக்கிய தடம் உண்மையானது. பிற்காலத்தில் வெட்டிய பல் பொய்யானது. இரண்டையும் வேறுபடுத்தி அறிதலே புலமை.

பொறிப்பு உண்மையானதா என அறிதற்குச் சில வழிகள் உள்ளன. பட்டறையில் பொறித்தபின் மெருகிட்ட எழுத்தின் விளிம்பு, அலகின் ஏனைய பகுதியைப் போலவே தேய்ந்திருக்கும். புதிதாக அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் சிறிது மேடிட்டு நிற்கும். துரு படிந்த அலகில் எழுத்தின் அடிப்பகுதி மட்டும் பளபளப்பாக இருப்பின் ஐயுற வேண்டும். உறையின் எண்ணும் ஈட்டியின் எண்ணும் ஒத்துள்ளனவா எனக் காண வேண்டும். ஒவ்வாதது எல்லாம் போலி அன்று. படையிலேயே உறைகள் மாறியதுண்டு. ஒத்த எண் உடையது பிரியாமல் வாழ்ந்த இணை என்பதே அதன் சிறப்பு.

எழுத்தில் செய்யும் போலியினும் சொல்லில் செய்யும் போலி கொடியது. இன்ன போரில் இன்ன வீரன் ஏந்தியது என விற்போர் கூறும் கதைகள் பல. எழுத்துச்சான்றோ நம்பத்தக்க கைமாற்ற வரலாறோ இல்லாதவிடத்து அக்கதையை ஏற்றல் தகாது. ஈட்டியின் அலகில் 1918 என்னும் ஆண்டு இருக்க, 1915இல் கலிப்போலியில் பயன்பட்டது எனக் கூறும் கதையை அந்த ஈட்டியே மறுத்துவிடும்.

பேணும் முறை

கிடைத்த ஈட்டியை உடனே தேய்த்துப் பளபளப்பாக்குதல் பெரும்பிழை. உப்புத்தாளும் அமிலமும் துருவை மட்டும் நீக்குவதில்லை. நூறாண்டு படிந்த நிறத்தையும் மெல்லிய பொறிப்புகளையும் சேர்த்தே அழித்துவிடும். கல்வெட்டைச் செதுக்கித் தூய்மை செய்வார் உண்டோ? மென்துணியில் சிறிது எண்ணெய் தோய்த்து, உதிரும் துருவை மட்டும் மெல்லத் துடைத்தல் போதும். தோலுறையில் ஈட்டியை நெடுங்காலம் வைத்தலாகாது. தோல் பதனிடப் பயன்பட்ட பொருள்களும் அது ஈர்க்கும் ஈரமும் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். ஈரப்பதம் மிகுந்த நம் பகுதியில் இக்கவனம் இருமடங்கு வேண்டும். உறையையும் ஈட்டியையும் தனித்தனியே, ஆனால் ஒரே இடத்தில், எண் இட்டு வைத்தல் நலம்.

படைக்கலத்தின் தோற்றத்தைக் கொண்டு அதன் வாழ்க்கையை உணரும் அறிவு தமிழர்க்குப் பழையது. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், பீலி சூடி நெய் பூசிக் காவல் மனையில் பொலியும் தொண்டைமானின் படைக்கலங்களையும், முனை சிதைந்து கொல்லன் களத்தில் கிடக்கும் அதியமானின் படைக்கலங்களையும் ஒப்பிட்டு, எவை போர் கண்டவை என்பதைக் குறிப்பால் உணர்த்தினார். தேய்வும் முறிவும் குறைபாடுகள் அல்ல, சான்றுகள் என்னும் நுட்பத்தை அப்பாடல் கற்பிக்கிறது.

பேணுதலினும் முதன்மையானது பதிவு செய்தல். ஈட்டி எவ்வூரில், எவர் இல்லத்தில், எவ்வாறு கிடைத்தது, முன்னர் எவரிடம் இருந்தது, அவர் கூறியது யாது என்பவற்றை நாளிட்டு எழுதி வைத்தல் வேண்டும். பொறிப்புகளைப் பின்னரும் படிக்கலாம். முதியவர் ஒருவரின் நினைவை அவர் மறைந்தபின் படிக்க இயலாது. அந்த ஏடு இல்லாத சேகரிப்பு, இடமறியாது பெயர்த்தெடுத்த கல்வெட்டை ஒக்கும்.

இதனோடு சட்டத்தையும் அறிதல் வேண்டும். படைக்கலங்களை வைத்திருத்தல், வாங்குதல், வெளியே எடுத்துச் செல்லுதல் ஆகியவை பற்றிய சட்டங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடுமையானவை. உரிய அதிகாரிகளிடம் கேட்டுத் தெளிந்த பின்னரன்றி எவரும் இவற்றை வாங்குதலோ வைத்திருத்தலோ கூடாது. பழைய போர்க்களத்தில் மண்ணில் இரும்பு தென்பட்டால் மாணவர் அதனைத் தோண்ட முற்படலாகாது. ஈட்டியின் அருகே வெடிக்காத குண்டும் கிடக்கலாம். காவல் துறையினர்க்கு அறிவிப்பதே கடமை. பள்ளி மாணவர்க்கு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையே போதிய களமாகும்.

முடிவுரை

துப்பாக்கி ஈட்டியைச் சேகரித்தல் போரைப் போற்றுதற்கு அன்று. ஒரு சொல் நீங்கிய இடத்தில் பேரரசின் வீழ்ச்சியையும், ஒரு மூங்கில் உறையில் நாட்டின் வறுமையையும், ஒரு கொக்கியில் நட்பு பகையான கதையையும் காணும் கண்ணைப் பெறுதற்கே ஆகும். அக்கண் பெற்ற மாணவன் பிறர் கூறும் கதையை அப்படியே ஏற்கமாட்டான். பொருளைக் கையிலெடுத்து, அளந்து, படித்து, ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருவான்.

ஆசிரியர்கள் இம்முறையைக் கற்பிக்கப் படைக்கலத்தைத் தேடவேண்டுவதில்லை. பழைய நாணயம், தராசுப் படிக்கல், பால்மரம் சீவிய உளி, பாட்டன் வைத்துச் சென்ற கடப்பிதழ் ஆகியவையும் இவ்வாறே பேசும். செய்தது எவர், செய்தது எப்போது, திருத்தியது எவர், ஏந்திய கை எவருடையது என்னும் வினாக்களை அவற்றின்முன் எழுப்பினால் போதும். அவ்வினாக்களுள் இறுதியாக உள்ளதற்கு இரும்பு விடை தருவதில்லை. அதற்கு விடை கூறத்தக்க முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பணி இன்றைய மாணவர்க்கு உரியது.